பேச்சியக்காவின் தோட்டம் டி.வி.யில் வந்தது

இந்த வாரம் மனசு சரியில்லை. பக்கத்து வீட்டில் ஒரு தோட்டம் செத்துப்போயிருக்கிறது.

'தோட்டம்தானே, இதற்கென்ன பெரிய துக்கம்?' என்று கேட்பீர்கள். கோவில்பட்டிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். கோடையில் எங்கள் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் வீட்டுச் சாவி விழுந்தால் போனது போனதுதான். மழை பெய்தால் அதே மண் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தாலே அதிர்ஷ்டம். இந்த ஊரில் ஒருவர் பன்னீர் ரோஜா வளர்த்தார் என்றால்...

வளர்த்தவர் பேச்சியக்கா. பேச்சியம்மாள் என்பது முழுப்பெயர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கணவர் முருகையா அண்ணாச்சிக்கு நூல் மில்லில் வேலை. ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த இடத்தில் அக்கா செடி வைக்க ஆரம்பித்தார். கரிசலில் ரோஜா பிடிக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி ஷிப்ட் முடிந்து வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு செம்மண் வைத்துக்கொண்டு வருவார். இப்படியே சாக்கு சாக்காகக் கொட்டி மண்ணை மாற்றினார்கள்.

தண்ணீர்? அவர்கள் வீட்டிலும் குழாய் கிடையாது. எல்லோரையும் போலத் தெருக்குழாய்தான். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர்... ஒரு சொட்டை வீணாக்க மாட்டார். அண்ணாச்சி ஒரு பெரிய தட்டுக்குள் நின்றுகொண்டுதான் குளிப்பார். தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும். சாயங்காலமானால் அதே தெருப் பெண்கள் பின்வாசல் வழியாக வந்து கனகாம்பரமும் பிச்சிப்பூவும் பறித்துக்கொண்டு போவார்கள். அக்கா யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எதிர்வீட்டுக் கனியம்மாள் தினமும் வருவாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை. அக்காவின் தோழி என்றே சொல்லலாம். அக்கா வாளியைத் தூக்கும்போது அவளும் ஒரு கை பிடிப்பாள்.

போன தை மாசம் டி.வி.க்காரர்கள் வந்தார்கள். வீட்டுத் தோட்டம் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறதல்லவா, அதற்காக. பக்கத்துத் தெருவில் குடியிருந்த விவசாய அதிகாரி ஒருவர் 'கரிசல் காட்டில் ஒரு ரோஜாத் தோட்டம்' என்று யாரிடமோ சொல்ல, ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. கேமராக்காரர், குடை பிடிக்க ஒருவர், கையில் அட்டை வைத்துக்கொண்டு ஒருவர். அவர்தான் எல்லாவற்றுக்கும் பெரியவர் போல. தெருவே சுவரேறி வேடிக்கை பார்த்தது. நான் எங்கள் மாடிப்படியில் நின்றேன். கனியம்மாள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள்.

அக்கா பட்டுச்சேலை கட்டி வந்தார். "தோட்ட வேலைக்குப் பட்டு எதுக்கும்மா, சாதாப் புடவையே கட்டிக்குங்க" என்றார் அட்டைக்காரர். போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

கேள்வி கேட்டார்கள். அக்கா தயங்காமல் பேசினார். "தண்ணிக்கு எங்க போக? பாத்திரம் வெளக்குன தண்ணி, குளிச்ச தண்ணி, இதத்தான் ஊத்துதேன். குடிதண்ணிய ஊத்துனா எங்க தெரு என்னைய வையாதா?" என்று சொல்லிச் சிரித்தார்.

கேமராக்காரருக்கு ஒரு குறை. இலையெல்லாம் தூசி. காற்றில் வந்து படிந்த கறுப்புத் தூசி. கேமராவில் எடுபடாது என்றார். அப்புறம், தண்ணீர் பாய்ச்சுவது போல ஒரு ஷாட் வேண்டுமாம்.

அக்கா வாளியைத் தூக்கி வந்தார்.

"வாளி வேண்டாம்மா. ஹோஸ் பைப்ல பீய்ச்சி அடிக்கிற மாதிரி இருந்தா அழகா இருக்கும்."

"பைப்பா? அதெல்லாம் நம்மகிட்ட கெடையாதுங்க."

மெயின் ரோட்டில் லாரி கழுவும் ஷெட்டிலிருந்து ஜீப் டிரைவர் ஒரு ரப்பர் பைப்பை வாங்கி வந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமே? அடுக்களையில் ஒரு டிரம் நிறைய இருந்தது. அடுத்த முறை குழாய் வரும்வரை குடிக்கவும் சோறு பொங்கவும் பிடித்து வைத்த தண்ணீர். அக்கா கணவரைப் பார்த்தார். அண்ணாச்சிக்கும் மனசில்லை. ஆனால் தெருவே பார்க்கிறது, மெட்ராசிலிருந்து வந்திருக்கிறார்கள்...

"குடுட்டி. ஊரு விட்டு ஊரு வந்துருக்காவ" என்றார்.

டிரம்மை அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏற்றி வைத்து, பைப்பைச் சொருகி, அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். தண்ணீர் விசிறி போல விரிந்தது. அக்கா ரோஜாச் செடிகள் மேல் அடித்தார். ஒரு தடவை சரியாக வரவில்லை, இன்னொரு தடவை அடித்தார். டிரம் காலி. அன்று உலை வைக்க எங்கள் வீட்டில்தான் ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார். "பெத்த பிள்ளைக்குப் பண்ணுன மாதிரி இருக்கு" என்று என் மனைவியிடம் சிரித்தாராம்.

நிகழ்ச்சி பங்குனியில் வந்தது. ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டிருந்தது. தெருக்குழாய் பத்து நாளைக்கு மேல் வறண்டு கிடந்தது. பெண்கள் ஊருக்கு வெளியே உள்ள கிணற்றுக்குக் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். கனியம்மாள் தண்ணீருக்காகக் காத்து நின்றதில் வேலைக்குப் போக நேரமாகி, திரும்ப அனுப்பப்பட்டாள். அவள் மகளுக்கு வேறு காய்ச்சல்.

எங்கள் தெருவில் டி.வி. உள்ள வீடு எங்கள் வீடு ஒன்றுதான். அன்று கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பேச்சியக்காவும் அண்ணாச்சியும் முன்னால். என் மைத்துனன் மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். "வருதா?" "இன்னுங் கொஞ்சம்..." "ஆங், நிறுத்து!"

படம் தெளிவானது.

எங்கள் டி.வி. கறுப்பு வெள்ளை. ரோஜாவின் சிவப்பு தெரியவில்லை. செம்பருத்தியும் சாம்பல், கனகாம்பரமும் சாம்பல். ஒன்றே ஒன்றுதான் பளபளவென்று தெரிந்தது – தண்ணீர். அக்கா பைப்பைப் பிடித்து நிற்கிறார். தண்ணீர் வெள்ளை வெளேரென்று விரிந்து இலைகளில் அடித்துத் தரையில் ஓடுகிறது.

அக்கா பேசிய காட்சி வந்தது. உதடு அசைந்தது. ஆனால் குரல் வரவில்லை. அதன் மேல் வீணை இசை. அதற்கும் மேல் ஒரு பெண்குரல்: "கரிசல் பூமியிலும் நாள்தோறும் நீர் பாய்ச்சிப் பராமரித்தால் சோலை உருவாகும் என்பதற்கு இந்த இல்லத்தரசியே சாட்சி."

நாள்தோறும்!

கூடத்தில் ஒரு சத்தமில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கனியம்மாள் எழுந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனாள். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். அக்கா திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் நாங்கள் நாலு பேர்தான்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. வரிசையில் வைத்திருந்த அக்காவின் குடம் வெளியே தள்ளிக் கிடந்தது.

"யாரு நகட்டுனது?"

"நாந்தான்," என்றாள் கனியம்மாள். "ஒங்களுக்கு எதுக்குக்கா இந்தத் தண்ணி? வீட்டுல பைப்பு வச்சு பீச்சி அடிக்கிய."

"ஏட்டி கனி, அவிய அடிக்கச் சொன்னாவ, அடிச்சேன். அது குடிக்க வச்சிருந்த தண்ணிட்டி. நீதான தெனமும் என்கூட வாளி தூக்குத?"

"நான் தூக்குனது வாளி. பைப்ப எங்க கண்ணுல காட்டலையே நீங்க? ஊரே பாத்தாச்சுல்லா."

நானும் போய்ச் சொன்னேன். மாடிப்படியில் நின்று பார்த்தேன், டிரம் தண்ணீர்தான், எங்கள் வீட்டில் ஒரு குடம் வாங்கிப் போனார்... சுவரேறி வேடிக்கை பார்த்தவர்கள்கூட "நாங்க தூரத்துல நின்னோம், எந்தத் தண்ணின்னு யாரு கண்டா?" என்றார்கள். "நீங்க பக்கத்து வீடு, அப்படித்தான் சார் சொல்லுவிய" என்றார் இன்னொருவர்.

எனக்கு இதுதான் புரியவில்லை. வருஷக்கணக்காக அந்த அம்மாள் அழுக்குத் தண்ணீரை வாளியில் சுமந்ததைத் தினமும் நேரில் பார்த்தவர்கள் இவர்கள். அதற்கு மதிப்பில்லை. பெட்டிக்குள் அரை நிமிஷம் பார்த்ததற்கு அவ்வளவு மதிப்பு! நேரில் பார்ப்பதை எப்போதிலிருந்து நம்பாமல் போனோம்?

யாரோ நகராட்சியில் மனுப் போட்டார்கள். திருட்டுக் குழாய் இருக்கிறதா என்று பார்க்க மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். சுவரோரமாகத் தோண்டிக்கொண்டே பின்பக்கம் போய், ரோஜாப் பாத்திக்குள் இறங்கினார்கள். அக்கா குறுக்கே போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். செம்மண் வந்தது, வேர் வந்தது, அடியில் கரிசல் வந்தது. குழாய் வரவில்லை. பள்ளத்தை அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள்.

அத்தோடு பழி போயிருக்க வேண்டுமே? போகவில்லை. "ஆளு வாரது தெரிஞ்சு முந்தியே உருவியிருப்பாவ" என்றது தெரு.

அன்று முதல் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் எடுத்து வருவார். பின்பக்கம் போக மாட்டார். முன்வாசலுக்கு வந்து, நாலு பேர் பார்க்க, தெருவில் ஊற்றுவார். யாரையும் வைவதில்லை. ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். தெரு மண் அதை ஒரு வாயில் குடித்துவிடும்.

அண்ணாச்சி கெஞ்சினார். "செடி என்னட்டி பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நானுந்தான் ஒண்ணும் பண்ணல."

அண்ணாச்சியே ஒரு நாள் திருட்டுத்தனமாக ஒரு செம்பு ஊற்றப் போய், அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. முதலில் கனகாம்பரம். அப்புறம் பிச்சி. ரோஜா ரொம்ப நாள் பிடிவாதமாக நின்றது. எங்கள் மாடிப்படியிலிருந்து தெரியும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் சாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். பங்குனியில் டி.வி.யில் பார்த்தார்களாம். ஒரு ரோஜாக் கம்பு கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஈரச்சாக்குத் துண்டுகூடக் கொண்டுவந்திருந்தார்கள். குழாயடியில் நின்ற கனியம்மாளிடம் வழி கேட்டிருக்கிறார்கள். "டி.வி.ல வந்தாங்களே, அந்தத் தோட்டத்தம்மா வீடு எதுங்க?"

அவள் கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். என்ன தோன்றியதோ, கூடவே வந்தாள். சத்தம் கேட்டு நானும் போனேன்.

அக்கா வந்தவர்களை வரவேற்று உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றதும் பின்கதவைத் திறந்துவிட்டார்.

மேடும் பள்ளமுமாக மண். காய்ந்த குச்சிகள். காற்றில் நொறுங்கும் இலை.

"இது... இந்த வீடுதானா?" என்றார் அந்த மனைவி மெதுவாக.

"இதே வீடுதான்," என்றார் அக்கா. "கம்பு குடுக்க ஒண்ணும் இல்லம்மா. தப்பா நெனைக்காதிய."

அவர்கள் சாக்குத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கனியம்மாள் போகவில்லை. பூப்பறிக்க வருவதை நிறுத்திய பிறகு அவள் அந்தப் பின்வாசலுக்கு வந்ததே இல்லை. நின்றாள். பள்ளத்தைப் பார்த்தாள். குனிந்து ஒரு ரோஜாக் குச்சியை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே கொஞ்சங்கூடப் பச்சை இல்லை.

"யக்கா..."

அக்கா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கனியம்மாள் தன் வீட்டிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் தூக்கி வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். செத்த ரோஜாவின் அடியில் ஊற்றினாள்.

"ஏட்டி, அது செத்து எவ்வளவு நாளாச்சு?" என்றார் அக்கா. குடத்தைத் தள்ளிய நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தெரியும்க்கா," என்றாள் கனியம்மாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் ஊற்றினாள்.

இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். அளவாகத்தான். வாசலில் தண்ணீர் ஊற்றுவதை அக்கா நிறுத்திவிட்டார். நேற்று கனியம்மாள் எங்கிருந்தோ இரண்டு செவ்வந்தி நாற்று வாங்கி வந்து கொடுத்தாள்.

அக்கா வாங்கிக்கொண்டார். இன்னும் நடவில்லை.