தரையில் நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை

"சார், உங்க சம்பளம் எவ்வளவு?" என்று வங்கியின் வீட்டுக்கடன் அதிகாரி கேட்டபோது, அவர் பார்த்தது விமானியை அல்ல, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனை.

கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூடாமல் குறையாமல் மாதாமாதம் வரும் தன் சம்பளத்தைச் சொன்னான். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"கடன் கேக்கறது நான்தான்," என்றாள் விமானி. "என் சம்பளம் அவரோடதைவிட ரெண்டு மடங்குக்கு மேல."

"அப்படியா, சந்தோஷம் மேடம். மாசம் எவ்வளவு வரும்?"

"மாசத்துக்கு மாசம் மாறும்."

மலர்ந்த முகம் சட்டென்று சுருங்கியது. அரைமணி நேரத்துக்குமுன் முடிவுசெய்த ஒன்றுக்கு இப்போதுதான் காரணம் கிடைத்தவர்போல அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவள் ஓட்டுவது எழுபது பேர் ஏறும் விமானம். மலைக்கு அந்தப் பக்கமுள்ள சின்ன ஊர்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் ஒரே நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கும் வேலை. கேப்டனாகி ஆறு வருடமாகிறது. நிறுவனம் கொடுக்கும் நிலையான சம்பளம் பேருக்கு ஒரு தொகை; மீதியெல்லாம் பறக்கும் மணிக்கணக்குக்குத்தான். விமானம் நகரத் தொடங்கினால் கடிகாரம் ஓடும், நின்றால் அதுவும் நின்றுவிடும். மூடுபனி விலகட்டும் என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பயணிகளின் வசவு முழுவதும் அவளுக்கு. சம்பளம் மட்டும் கிடையாது. உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டில் இருந்தாலும் அதே கதைதான்.

இதையெல்லாம் அவள் பொறுமையாக விளக்கினாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே சம்பளச் சீட்டுகளைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்த மாசம் பாதிக்கு மேல விழுந்திருக்கே. ஏன் மேடம்?"

"சளி. காது அடைச்சுக்கிச்சு. அதனால பறக்கல."

"சளிக்கா?" அவர் சிரித்தேவிட்டார். "சளிக்கெல்லாம் வேலைக்குப் போகாம இருந்தா எப்படி மேடம்? நான்கூட இப்ப சளியோடதான் உக்காந்திருக்கேன்."

விமானியின் காதோரம் சூடேறியது. காது அடைத்திருக்கும்போது மேலேயிருந்து இறங்கினால் காற்றழுத்தம் செவிப்பறையைக் கிழித்துவிடும், தலை கிறுகிறுக்கும், அந்த நேரத்தில்தான் ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் வரும் என்று சொன்னாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை; அவருக்கும் காது அடைத்திருந்ததோ என்னவோ.

"புரியுது மேடம். ஆனா எங்க சிஸ்டம் நிலையான சம்பளத்தை மட்டும்தான் எடுத்துக்கும். ஒண்ணு செய்யலாம். சார் பேர்ல கடன் போடுங்க, நீங்க கூட கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா ஆறு மாசம் எங்கயும் விழாம நல்லா பறந்துட்டு வாங்க. மேலிடத்துல பேசிப்பார்க்கறேன்."

கணவன் சம்பளத்துக்குக் கிடைக்கும் கடனில் அவர்கள் பார்த்துவைத்த வீட்டின் வாசல்படியைத்தான் வாங்க முடியும். அது ஒன்றும் மாளிகை அல்ல. ஆனால் தெருச் சத்தம் எட்டாத பின்பக்க அறை ஒன்று இருந்தது. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய் நண்பகலில் திரும்பித் தூங்குகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? இப்போதைய வாடகை வீட்டின் படுக்கையறை ஒரு தச்சுப்பட்டறைக்கு எதிரே. மாடியில் இருந்த வீட்டுக்காரரும் தன் மகள் குடிவரப்போகிறாள் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார். "என்னம்மா சொன்னான் அந்த பேங்க்காரன்?"

"நான் பொண்டாட்டியா கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம், அத்தை."

"அடப்பாவி! என் மகன் பால் வாங்கிட்டு வான்னா பாதி வழியில எதுக்கு வந்தோம்னு யோசிச்சு நிப்பான். அவனை நம்பிக் குடுப்பானாம், உன்னை நம்பமாட்டானாமா?"

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்றான் மகன்.

"இருடா. உன்னைப் பத்திதான் பேசறேன்."

சிரித்தார்கள். ஆனாலும் அந்த ஆறு மாதம் என்ற வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டை விற்பவர் நல்ல மனிதர், கொஞ்சம் பொறுக்கிறேன் என்றிருந்தார். கிடைத்த பறத்தல் எல்லாவற்றையும் விமானி வாங்கிக்கொண்டாள். யாராவது விடுப்புப் போட்டால் அந்த இடத்துக்கு அவள். ஓய்வு நாளில் கூப்பிட்டாலும் அவள். சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை பறந்தாள். உடம்பு எங்கே எல்லை போட்டிருக்கிறது என்று கேட்கவே இல்லை.

"கண்ணாடியில முகத்தைப் பாத்தியா?" என்றான் கணவன் ஒருநாள்.

"பாத்தேன் வாத்தியாரே. வீட்டுக்காரி களை வந்திருக்கு."

அவன் சிரிக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் மூக்கடைப்போடு எழுந்தாள். நிறுவனத்தின் வண்டி வாசலில் நின்றது. போகப்போகச் சரியாகிவிடும் என்று ஏறிக்கொண்டாள். விமான நிலையத்தில் துணை விமானி வானிலைத் தாளை விரித்து மலைப்பக்கத்து மேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் கழிப்பறைக்குள் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றை அழுத்தினாள். வலது காது டப்பென்று திறந்தது. இடது காது திறக்கவில்லை. மறுபடி முயன்றாள். இல்லை.

அடுத்து அவள் மனம் செய்த வேலைதான் அவளைப் பயமுறுத்தியது. 'இன்னிக்கு ரெண்டு தடவைதானே இறங்கணும்? மெதுவா இறக்கினா போச்சு. இப்ப விட்டா இந்த மாசம் விழும். அவன் விரல் இந்த மாசத்துல வந்து நிக்கும்.' முழு வேலைக்காலத்திலும் ஒருநாள்கூட அவள் இப்படிக் கணக்குப் போட்டதில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், விமானத்தை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர், அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்து காதைப் பற்றி முடிவெடுக்கிறார்! முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னால முடியாது," என்றாள் துணை விமானியிடம். "காது அடைச்சிருக்கு. அவசரத்துக்குன்னு இருக்கற ஸ்டாண்ட்பை கேப்டனைக் கூப்பிடச் சொல்றேன்."

"சரி கேப்டன்," என்றான் அவன். பிறகு தயங்கி, "நேத்தே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். ரொம்பக் களைச்சுத் தெரிஞ்சீங்க," என்றான்.

"சொல்லியிருக்கணும். அடுத்த தடவை சொல்லு. நான் மொறைச்சாலும் சொல்லு."

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. சீருடையோடு நேராக வங்கிக்குப் போனாள். கடன் அதிகாரியின் மேசையைத் தாண்டி, கிளை மேலாளரின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அதிகாரியும் பின்னாலேயே வந்து நின்றார்.

"நான் இன்னிக்கு ஒரு விமானத்தை ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றாள். "அதுக்காக என் சம்பளம் குறையும். குறைஞ்சா உங்க கணக்குல நான் நம்பத்தகாதவ. சளியோட அத்தனை பேரையும் ஏத்திட்டுப் போயிருந்தா நான் ரொம்ப நல்லவ. இதை நீங்களே ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்க, எப்படி இருக்குன்னு."

மேலாளர் தலையசைத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். ஆனா விதியை நான் போடலை."

"யார் போட்டாங்க? அவங்ககிட்ட நான் பேசறேன்."

"அது... தலைமை அலுவலகம். அங்க அப்படி ஒருத்தர்னு யாரும் இல்ல மேடம்."

"சார் பேர்ல போட்டா இன்னிக்கே முடிச்சுடலாம்," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் அதிகாரி.

விமானி திரும்பிப் பார்த்த பார்வையில் அவருக்குச் சளியே வற்றியிருக்கும். தன் காகிதங்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் கடன் கொடுத்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நிதி நிறுவனம். படகுக்காரர்களுக்கும் லாரி ஓட்டுபவர்களுக்கும் கடன் கொடுத்துப் பழகிய இடம். அங்கே இருந்த அம்மாள் இரண்டு வருட வருமானத்தைச் சேர்த்து மாதச் சராசரி பார்த்தார். குறைந்த மாதத்தைப் பார்த்து அவர் விரல் நிற்கவில்லை. "படகுக்காரங்க மழைக்காலத்துல கரையிலதான் இருப்பாங்க. அதுக்காக மீன் பிடிக்கத் தெரியாதவங்களா?" என்றார். பிறகு, "உடம்புக்கு ஏதாவது ஆகி உங்க லைசன்ஸ் போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். உரிமம் பறிபோனால் பணம் வரும் காப்பீடு போட்டிருப்பதாக விமானி சொன்னாள். இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத, கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

வட்டி வங்கியைவிட அதிகம். கையெழுத்துப் போடும்போது அந்த வித்தியாசம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நாணயமாக இருந்ததற்கு ஆயுள் முழுக்க அபராதம் கட்டுவதுபோல இருந்தது.

வீடு வாங்கிக் குடிபோனார்கள். "கிடைச்சிடுச்சில்ல, இனிமே கோபத்தை விடு," என்றான் கணவன், புத்தகப் பெட்டியைப் பிரித்தபடி.

"விடமாட்டேன்," என்றாள். "பேங்க்காரன் முட்டாள்னு வெச்சுக்குவோம். எங்க கம்பெனிக்குத் தெரியாதா? சளி பிடிச்சவங்களைப் பட்டினி போட்டா சளியோடதான் பறப்பாங்கன்னு தெரியாதா?"

அந்த மாதம் விமானிகள் சங்கக் கூட்டத்தில், இதுவரை வாயே திறக்காதவள் எழுந்து நின்றாள். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் தான் போட்ட கணக்கை மறைக்காமல் சொன்னாள். முன்வரிசையில் ஒரு மூத்த கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "நான் போன மாசம் காய்ச்சலோட பறந்தேன். பொண்ணுக்குக் காலேஜ் பீஸ்," என்றார். அதற்குப்பின் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெளியே சொல்லாமல் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்!

உடம்பு முடியாத நாளுக்குச் சராசரிப் பறத்தல் சம்பளம் தரவேண்டும் என்று சங்கம் கேட்டிருக்கிறது. நிறுவனம் ஆறப்போட்டது, குழு அமைத்தது, இப்போது பாதி தருகிறேன் என்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும் மூவரில் விமானியும் ஒருத்தி. போன கூட்டத்தில் நிறுவனத்தின் பெரிய அதிகாரி, "பாதி கிடைச்சதே பெரிசு இல்லையா மேடம்?" என்று கேட்டாராம்.

"நான் பாதி வழியில இறக்கிவிட்டா நீங்க ஒத்துப்பீங்களா சார்?" என்றாளாம் இவள்.

அடுத்த கூட்டம் வருகிற வாரம்.