வண்டி ஹீட்டான கதை

கிணத்துக்கடவைத் தாண்டி பொள்ளாச்சிக்குப் போகும் ரோட்டில், ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி எங்கள் வீடு தனியாக இருந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையை அந்த வீட்டில் நான் பெரும்பாலும் தனியாகவே கழித்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அம்மா நூல் மில்லில் வேலை செய்தாள். காலை ஆறு மணிக்கு மில் வேனில் ஏறினால் நாலு மணிக்குத்தான் திரும்புவாள். அப்பா கோயமுத்தூர் பொள்ளாச்சி தனியார் பஸ்ஸில் டிரைவர். விடியுமுன் போவார், நான் தூங்கிய பிறகு வருவார். வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. அன்றைக்கு அவர் தூங்குவார்.

ஆகவே அப்பாவை நான் முழிப்பாகப் பார்த்ததெல்லாம் தினமும் மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு, அரை நிமிடம். தூரத்தில் தேங்காய்க் களம் வரும்போதே ஹாரனை இரண்டு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் அடிப்பார். நான் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் ஓடுவேன். நீல வண்டி வேகம் குறையும், ஆனால் நிற்காது. கண்டக்டர் மாமா படியில் தொங்கியபடி கையை நீட்டி நிறைந்த போசியை வாங்கிக்கொண்டு, முந்தின நாள் காலிப் போசியை என் கையில் திணிப்பார். "தள்ளி நில்லு கண்ணு" என்று ஒரு வார்த்தை. அப்பா உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம் என்பதால், இடது பக்கக் கண்ணாடியில் அவர் மீசையும் ஒரு கண்ணும் மட்டும் தெரியும். அதற்குள் வண்டி பாலத்தைத் தாண்டிவிடும். மற்ற நடைகளில் வண்டி வேகம்கூடக் குறையாது. அம்மா வரும் வரை எனக்குப் பேச்சுத்துணை ஒரு பெட்டைக் கோழி.

நிற்க முடியாததற்குக் காரணம் இருந்தது. நான்கு நிமிடம் கழித்து ஒரு மஞ்சள் பஸ் வரும். அது முந்திவிட்டால் வழியில் நிற்கிற ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நான்கு நிமிடத்தைக் காப்பாற்றுவதுதான் அப்பாவின் தொழில் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. என்னோடு படிக்கிற பிள்ளைகளிடம், எங்கப்பா வண்டியை இதுவரை மஞ்சள் வண்டி முந்தினதே இல்லை என்று பீற்றிக்கொள்வேன். வளைவில் முந்துவார், எதிரே லாரி வந்தாலும் முந்துவார் என்று அளந்துவிடுவேன். அளந்ததில் பெரும்பகுதி உண்மை என்பதுதான் கஷ்டம்.

மே மாதத்தில் ஒரு நாள் எனக்கு அந்த அரை நிமிடம் போதவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. முந்தின நாள் பகல் முழுக்க நான் கோழியைத் தவிர யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது காலையில் பல் விளக்கும்போது நினைவுக்கு வந்தது. உடனே அழுகை வந்தது. அழுது முடித்ததும் யோசனை வந்தது. போசி ரோட்டுக்கு வராவிட்டால் வண்டி நின்றுதானே ஆக வேண்டும்?

வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். குளித்துவிட்டு, பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் இருந்த ஒரே மர நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டேன். தயிரைக் கடைந்து, சட்டியில் மோர் கரைத்து, அம்மா போடுவதைப்போல் உப்பும் போட்டு, பெரிய டம்ளர் நிறைய ஊற்றித் தட்டால் மூடி வைத்தேன். பிறகு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஹாரன் கேட்டது. வண்டி மெதுவாகும் சத்தம் கேட்டது. பிறகு, அந்தக் கோடையில் முதல் முறையாக, அது நின்றது. கண்டக்டர் மாமாதான் வருவார் என்று பயந்தேன். வந்தது அப்பா. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, வேட்டியைத் தூக்கிப் பிடிப்பவர்போல் காக்கிப் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி ஓடி வந்தார்.

"என்ன கண்ணு, மேலுக்கு முடியிலியா?"

அவர் கையை என் நெற்றியில் வைத்தார். நான் இந்த இடத்துக்கு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. "வயிறு வலிக்குதுங்கப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பாவாடையைப் பார்த்தார். நாற்காலியையும் மூடி வைத்த டம்ளரையும் பார்த்தார். வெளியே வண்டிக்குள்ளிருந்து சத்தம் கிளம்பியது. "ஏனுங்க டிரைவரே, ஊட்டுக்கு விருந்துக்கு வந்தீங்களா? நாங்க போவோணுமுங்க." அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டை எடுத்து வைத்துவிட்டு மோரைக் குடித்தார். ஓடி வந்தவர், குடிக்கும்போது அவசரப்படவே இல்லை. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அதில் ஒரு சொட்டு இல்லை.

"கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கோ கண்ணு. நா வாரேன்."

போசியைத் தானே எடுத்துக்கொண்டார். போகும் வழியில் வாசலில் நிறைத்து வைத்திருந்த குடத்தையும் தூக்கிக்கொண்டு போனார். "வண்டி ஹீட்டாயிருச்சுங்க, தண்ணி ஊத்தோணும்" என்று ஜன்னல்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, துணியைச் சுற்றி முன்பக்க ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஹீட்டான வண்டியில் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு ஆவி எதுவும் வரவில்லை. ஊற்றிய தண்ணீரில் பாதிக்குமேல் வழிந்து ரோட்டில் ஓடியது. அவர் குடத்தைக் கீழே வைக்கும்போது மஞ்சள் பஸ், வேண்டுமென்றே நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. வண்டிக்குள் கூச்சல் இரண்டு பங்காயிற்று. "உடாதீங்க, புடிங்க" என்று யாரோ சொன்னார்கள். நீல வண்டி கிளம்பிய வேகத்தில் பாலத்துப் புழுதி எங்கள் வாசல் வரை வந்தது.

நான் நாற்காலியில் அப்பா உட்கார்ந்த சூட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் அதற்கு முன் வந்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் சந்தோஷம் இன்னும் பெருகியது. ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க ஆரம்பித்தன. லாரி, கார், பஸ் எல்லாம் எங்கள் வீடு வரை வரிசை. வெயில் தாங்காமல் ஆட்கள் இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்கள். எங்கள் வாசலுக்கு அத்தனை பேர் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. நான் செம்பும் கையுமாக ஓடி ஓடிக் கொடுத்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு அக்காளை நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த அக்காள்தான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "முன்னால வளைவுல ஆக்சிடெண்டாமுங் கண்ணு. ஒரு நீல பஸ்சு இன்னொரு பஸ்ஸை முந்தப் போயி, எதுத்தாப்பல வந்த மொபெட்டை அடிச்சுருச்சாமா. அந்த ஆளு அங்கியே போயிட்டாராமா."

செம்பைக் கீழே வைத்தேன். இன்னும் நாலைந்து பேர் தண்ணீருக்கு நின்றார்கள். என்னால் மொண்டு கொடுக்க முடியவில்லை.

இறந்தவர் பக்கத்து ஊரில் மாவு மில் வைத்திருந்தவர். ராகி அரைக்கப் போனால், காத்திருக்கும் பிள்ளைகளின் கையில் சூடான மாவைக் கொஞ்சம் வைத்து ஊதச் சொல்வார். மில்லுக்குப் புது பெல்ட் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கிறார். தன் பக்கத்தில், தன் வேகத்தில், ஒழுங்காகத்தான் வந்திருக்கிறார். மஞ்சள் வண்டி வழி விடவில்லை, அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "புடிங்க" என்று கத்தியவர்களே, டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் பொய் என்று சொல்வதற்கில்லை.

நான்காம் நாள் கண்டக்டர் மாமா அப்பாவை ஜாமீனில் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் எங்கள் தூக்குப்போசி. அம்மா மூடியைத் திறந்தாள். சோறு தொடாமல் அப்படியே புளித்துக் கிடந்தது. அதைக் கோழிக்குக்கூடப் போடாமல் தோப்பில் குழி தோண்டிக் கொட்டினாள்.

கண்டக்டர் மாமா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது. "அண்ணா, ஹீட்டு ஹீட்டுன்னே சொல்லாதீங்க. காலையில தண்ணி பாக்காம வண்டி எடுத்தவன்னு மொதலாளி கடுப்புல இருக்காரு. புள்ளைக்கு மேலுக்கு முடியில, அந்தப் பதட்டத்துல ஓட்டிப்போட்டேன்னு சொல்லுங்க. மொதலாளியும் புள்ளை பெத்தவருதானுங்க."

"வேண்டாம்" என்றார் அப்பா. "புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது."

அப்பாவுக்கு என்மேல் அத்தனை கோபம் என்று நினைத்தேன். என் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்கிற அளவுக்கு. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வேலை போயிற்று. லைசென்ஸ் போயிற்று. கேஸ் வருஷக்கணக்கில் நடந்து, கடைசியில் கொஞ்சகாலம் ஜெயிலுக்கும் போய் வந்தார். அதற்கு நடுவே அப்பா பகலில் வீட்டில்தான் இருந்தார், முழிப்பாக, அந்த நாற்காலியில். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் அவர் பேசுவதில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்போது அவருடைய வலது கால் மட்டும் தரையில் அழுந்தும். பிரேக்கை மிதிக்கிறார். முன்னே ஒருத்தரும் இல்லாத வீட்டில், திரும்பத் திரும்ப மிதிப்பார். நான் அதைப் பார்க்காமல் கோழியிடம் போய்விடுவேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தும் முன்னைவிடத் தனியாக இருக்க முடியும் என்பது எனக்கு அந்த வருஷம் தெரிந்தது.

அந்த மாவு மில் பக்கம் நாங்கள் யாரும் போவதில்லை. மூன்று மைல் நடந்து வேறு மில்லுக்குப் போவோம். அடுத்த கோடையில் ஒரு நாள் ராகி மூட்டையோடு கிளம்பியவள், என்ன நினைத்தேனோ, பழைய மில்லுக்கே போய்விட்டேன். அவருடைய சம்சாரம்தான் மில்லை ஓட்டிக்கொண்டிருந்தார். அரைத்து, மாவை என் பையில் கொட்டும்போது முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ பஸ் டிரைவரூட்டுப் புள்ளைதானே அம்மணி?"

தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மோட்டாரை நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணுதாங் கண்ணு தாங்க முடியில. வண்டி ஹீட்டாகி நின்னு, நேரத்தைப் புடிக்கத்தான் அப்படி ஓட்டினாராமா. காலையில ஒரு கொடம் தண்ணி ஊத்தியிருந்தா என்ற ஊட்டுக்காரரு இருந்திருப்பாரு. ஒரு கொடம் தண்ணி. அதைக்கூடவா கண்ணு உங்கப்பனால ஊத்த முடியாமப் போச்சு?"

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அந்த அம்மாளுக்கு ஆறுதலா, இன்னும் வேதனையா என்று தெரியவில்லை. எனக்கு என்ன ஆகும் என்பதுதான் பயமாக இருந்தது. "தெரியிலீங்க" என்று சொல்லிவிட்டு, சூடான மாவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். ஒரு குடம் தண்ணீர் என்று அந்த அம்மாள் கேட்டதை அப்படியே சொன்னேன். அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "செரி. அது அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு, ஒரு வருஷத்துக்குப் பின், முதல் முறையாகக் கேட்டார்: "உனக்கு வயித்துவலி தேவலைதானே கண்ணு?"

"தேவலைங்கப்பா" என்றேன். நான் சொன்ன பொய்யை அப்பா நம்பிவிட்டார் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. நாங்கள் அதைப் பற்றி அதற்கு மேல் பேசவே இல்லை. போன மாதம் நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் என் மகள் வாசலை மறித்துக்கொண்டு, "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதற்கான பொய் என்பதும் தெரிந்தது. பையைக் கீழே வைத்தேன். அப்போதுதான் அந்த மோர் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு அப்பா போன பிறகு சட்டியில் மிச்சமிருந்த மோரைக் குடித்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அதைத்தான் அவர் உட்கார்ந்து, நிதானமாக, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வலி இல்லை என்று தெரிந்துதான் குடித்தார். அந்த நான்கு நிமிடத்தை நான் அவரிடமிருந்து திருடிவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன். அவராகத்தான் கொடுத்திருக்கிறார். கொடுத்ததை ரோட்டில் திரும்ப எடுக்கப் பார்த்தார். அங்கே மாவு மில்காரர் புது பெல்ட்டோடு வந்துகொண்டிருந்தார்.