மாமனாரின் வேட்டி

பிறந்த குழந்தைக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி போடுவதில்லை. பெரியவர்கள் உடுத்திப் பழகிய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, அதில்தான் முதலில் சுற்றுவார்கள். என் மகளுக்காக மாமியார், மாமனாரின் வேட்டி ஒன்றை முழுதாகக் கிழித்து மடித்து வைத்திருந்தார்.

அவள் பிறந்ததும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடுப்பில் ஓட்டை. குடல் மேலேறி நுரையீரலை வளரவிடவில்லை. வென்டிலேட்டர் போதாமல், ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரத்தில் வைத்தார்கள். கழுத்துக் குழாயில் கறுத்துப் போகிற ரத்தம் சிவந்து திரும்பி வரும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஒரு தையல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். மகளையும் அப்படித்தான் பார்த்தேன். விரல், நகம், காது மடல், எதிலும் ஒரு குறை இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நர்ஸிடம் துணியை நீட்டினேன்.

"இப்ப எதுவும் போடக்கூடாதும்மா. கொழா எல்லாம் எங்க கண்ணுக்குத் தெரியணும். எடுத்ததும் போட்டுக்கலாம்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். தினமும் பையில் துணியோடு போனேன். பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "இன்னா பண்றது, இன்னொண்ணு பொறக்கும்" என்றாள். "மொதல்ல வாயக் கழுவு" என்று விரட்டிவிட்டேன்.

ஒரு மத்தியானம் தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கணவர் சுவரோரம் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நர்ஸ் கேட்டார், "அந்தத் துணி வெச்சிருக்கியாம்மா?"

"கொழா எடுக்கப்போறீங்களா?"

"ஆமாம்மா."

பைத்தியக்காரி, நான் சிரித்துவிட்டேன். "எங்க மாமனார் வேட்டி. நல்லா வெந்நீர்ல அலசி வெச்சது" என்று பெருமை வேறு பேசினேன்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். கணவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சாம். இனிமே மிஷின் வெச்சும் பிரயோஜனம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

துணியில் சுற்றி மடியில் கொடுத்தார்கள். வாய்க் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி முகத்தில் இல்லை. என் மகளின் வாயை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அப்படியே அவள் அப்பாவின் வாய். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தாள். அப்புறம் இல்லை.

நனைய நனைய மாற்றிக் கட்ட வேண்டும் என்றுதான் மாமியார் அத்தனை துண்டு கிழித்து வைத்திருந்தார். எங்களுக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது.