அடுக்களைக்குப் பின்னால் ஓர் இலந்தை

ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் வெயிலுகந்தம்மாளின் வீடு. அடுக்களைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தேங்கும் இடத்தில், யாரும் வைக்காமலே ஓர் இலந்தை முளைத்து மரமாகியிருந்தது. தை பிறந்தால் பழம் உதிரும். அவள் பொறுக்கி வெயிலில் வாட்டி, உப்பு, மிளகாய் வற்றல், புளி, கருப்பட்டி சேர்த்துக் கொட்டையோடு இடித்து, வடையாகத் தட்டி மாடியில் காயவைப்பாள். தீப்பெட்டி ஆபீஸில் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் மதியச் சோற்றுக்குப் பிறகு அதற்காகக் கையை நீட்டுவார்கள்.

அவள் புருஷன் இசக்கிமுருகனுக்கு மணியாச்சியில் தண்டவாளம் பார்க்கிற வேலை. உடம்பில் சர்க்கரை உண்டு. ஒரு மாசி மாதம் வெறுங்காலோடு கொல்லைக்குப் போனவருக்குப் பெருவிரலில் இலந்தை முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். புண் சீழ் பிடித்து, கடைசியில் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் விரலையே எடுத்துவிட்டார்கள்.

சித்திரையில் வீடு திரும்பியதும் ஆள் வைத்து மரத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். அவள் தடுக்கவில்லை. முள்ளைக் குவித்துக் கொளுத்தினாள்.

கட்டை சாகவில்லை. ஆடிக்குள் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது.

"ஏட்டி, இதுக்குத் தண்ணி ஊத்துதியா?"

"நான் எதுக்கு ஊத்துதேன்? பாத்திரம் கழுவுத தண்ணி அங்கனதான போவுது."

"வேரோட தோண்டச் சொல்லுதேன்."

அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "உங்க விரலு போனதுக்கு நானும்தான் அழுதேன். வெட்டச் சொன்னிய, வாயத் திறக்கல. தோண்டுதது மட்டும் வேண்டாம். முள்ளுக்கு நான் பொறுப்பு."

அவள் அவரிடம் எதையும் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. அவர் ஆளைக் கூப்பிடவில்லை.

அதன்பிறகு விடிந்ததும் தாழ்ந்த கிளைகளைக் கழித்துத் தரையைக் கூட்டுவது அவள் வேலையாயிற்று. அந்தத் தையில் புதுக்கிளை முழுக்கக் காய். முன்பு இவ்வளவு பிடித்ததில்லை. அவருக்காகக் கருப்பட்டி போடாமல் கொஞ்சம் தனியாகத் தட்டினாள். அவர் தொடவில்லை. மறுவருஷமும் அப்படித்தான்.

போன மாசியில் ஒரு சாயங்காலம், காலமல்லாத காலத்தில் மழை பிடித்தது. அவள் வேலையை விட்டு ஓடி வந்தபோது மாடியில் வடை காயப்போட்ட பாய்கள் இல்லை. நொண்டி நொண்டி ஏறி, அத்தனையையும் அள்ளிவந்து கட்டில்மேல் கொட்டியிருந்தார் இசக்கிமுருகன். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"உப்பு கூடிப்போச்சு," என்றார்.

"ஐயையே, கருப்பட்டி போட்டதயா தின்னிய?"

"எது எதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன்."

"கருப்பட்டி போட்டது கறுத்துக் கெடக்கும். தள்ளி உக்காருங்க."

மின்விசிறியைப் போட்டுவிட்டு, இரண்டு பேருமாகப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.