யாரோ ஒரு வெள்ளைக்காரன்

என் கணவருக்கு இங்கிலீசில் ‘தேங்க்யூ’வுக்கு மேல் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஓர் இங்கிலீசுப் பாட்டு முதலிலிருந்து முடிவுவரை தெரியும். சண்டையால் மன்னாரை விட்டு வந்து, புத்தளத்துப் பக்கம் ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் நாங்கள் அகதிகளாகக் கிடந்த காலத்தில், அடுத்த கொட்டில்காரரிடம் ஒரு ரேடியோ இருந்தது. அதில் ஒரு நிலையம் பிடித்தால் வெள்ளைக்காரர்கள் கிற்றார் அடித்து, மூக்கால் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். மற்றவர்கள் செய்திக்காகக் காத்திருக்க, இவர் மட்டும் அந்த இழுவைக்காகக் காத்திருப்பார். சொல்லுக்குச் சொல், மூச்சுக்கு மூச்சு, கேட்டபடியே பாடமாக்கிக்கொண்டார்.

மகள் பிறந்தது அந்தக் கொட்டிலில்தான். வெக்கையும் நுளம்புக்கடியும் சேர்ந்து பிள்ளையைத் தூங்கவிடாது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் மேலும் கீழும் நடந்து, அவர் பாடியது இந்தப் பாட்டைத்தான். பிள்ளையும் தூங்கிப்போகும். எனக்குப் பாடத் தெரியாது என்பதால் நான் ஒன்றும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

பிறகு அவர் ஐஸ் லொறி ஓட்டத் தொடங்கினார். கரையில் மீன் வாங்கி வைக்கும் வாடிகளுக்கு ஐஸ் கட்டி இறக்குகிற வேலை. நனைந்த சாக்கைத் தோளில் போட்டு, கட்டியைத் தூக்கிவைத்து, இதே பாட்டைப் பாடிக்கொண்டுதான் இறக்குவார். வாடிக்காரர்களுக்கு லொறிச் சத்தத்துக்கு முன்னால் அவர் சத்தம் கேட்கும்.

வினை மகள் படித்ததில் வந்தது. இங்கிலீசு ஓரளவு பிடிபட்ட வயதில், ஒருநாள் அவர் பாடுவதைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“வாப்பா, இது சாராயக் கடையில இருந்து அழுற ஒருத்தன்ட பாட்டு. பொஞ்சாதி விட்டுட்டுப் போயிட்டாவாம். இன்னும் ஒரு கிளாஸ் ஊத்து எண்டு கேக்கிறான்.”

“அஸ்தஃபிருல்லாஹ்! பால்குடிப் பிள்ளைக்குச் சாராயக் கடைப் பாட்டா பாடினீங்க?” என்று நான் தலையில் கைவைத்தேன்.

அவர் ஆடிப்போகவில்லை. “பிள்ள நித்திர கொண்டிச்சுத்தானே,” என்றார்.

அன்றோடு அந்தப் பாட்டுக்கு வீட்டுக்குள் தடை போட்டேன். அவர் அதை லொறிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

சண்டை முடிந்தபின் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. பெரிய பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஒரு வருடம் ஒரு ஹோட்டல்காரர் மணலில் மேடை போட்டு, இரண்டு நாள் பாட்டு விழா வைத்தார். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பாட்டுக்காரர்கள். கிராமத்துப் பாட்டு, கிற்றார் பாட்டு, காது கிழிகிற பாட்டு எல்லாம் உண்டென்றார்கள். பாங்கு சொல்லும்போது நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு பள்ளிவாசலிலும் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். ஐஸ் இவர் பொறுப்பு.

விழாவின் முதல் நாளில்தான் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாக இருந்தது. அயல்வீட்டு ராத்தா கொண்டுவந்த சம்பந்தம். புத்தளத்தில் பரம்பரையாக உப்பளம் வைத்திருக்கும் குடும்பம், மார்க்கப் பற்றுள்ளவர்கள். நாங்களோ கல்வீடு கட்டிப் பத்து வருடம் கழிந்தும் ஊரார் வாயில் இன்னும் ‘அகதி ஆக்கள்’. அந்தச் சொல் இந்தக் கல்யாணத்தோடாவது கழன்றுபோகும் என்று நான் நம்பியிருந்தேன். கதிரை இரவல் வாங்கினேன். வட்டிலப்பம் அவித்தேன். அவரிடம், “அஸருக்கு முந்தி வந்திருங்க, குளிச்சு வெள்ளச் சாரம் உடுத்துக்கொண்டு இருங்க,” என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அஸர் தொழுகை முடிந்தது, அவர் வரவில்லை. ராத்தாவோடு மாப்பிள்ளையின் உம்மாவும் சாச்சியும் வந்துவிட்டார்கள். கடற்கரைப் பக்கமிருந்து ஒலிபெருக்கி அதிர்ந்துகொண்டிருந்தது. “இதென்ன சத்தம்?” என்று கேட்டார்கள். “ஹோட்டல்காரங்கட கூத்து,” என்று முகத்தைச் சுளித்துக் காட்டினேன். நாங்கள் அதற்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள் என்று தெரிய வேண்டுமல்லவா?

கொஞ்ச நேரம் சத்தம் ஓய்ந்தது. பிறகு கிற்றார் ஒன்று மெதுவாகத் தொடங்கியது. அதன் மேல் ஒரு குரல் ஏறியது.

தேத்தண்ணித் தட்டோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்தான். அவருடைய சாராயக் கடைப் பாட்டு, ஒலிபெருக்கியில், ஊர் முழுக்க.

“நல்ல குரல். யாரு இது?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் உம்மா.

“யாரோ ஒரு வெள்ளைக்காரன்,” என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. “இவர் எங்கயாவது கதையில நிண்டிருப்பார், கூட்டிட்டு வாறன்,” என்று அவர்களை ராத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு, அபாயாவை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஹோட்டல் வேலியின் பின்பக்கம், மேடைக்குப் பின்னால் ஐஸ் லொறி நின்றது. பாதிக் கட்டிகள் இன்னும் இறக்கப்படவில்லை. அங்கே பாட்டுக்காரர்கள் சிதறி நின்றார்கள். கறுப்பு உடுப்பும் நீண்ட முடியுமாகச் சில பெடியன்மார் சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் மேடையையே பார்த்தபடி இருந்தார்கள். வெறுங்காலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், வயலினைக் கக்கத்தில் இடுக்கியபடி, கண்மூடித் தலையாட்டினாள். பெரிய தொப்பிபோட்ட ஒரு கிழவர் மேடையில் கிற்றார் வாசித்தார். அவருக்குப் பக்கத்தில், மடித்துக் கட்டிய சாரமும் நனைந்த சேட்டுமாக, தோளில் இன்னும் அந்தச் சாக்கோடு, என் கணவர்.

ஐஸ் இறக்கும்போது பாடியதைக் கேட்டுத்தான் கிழவர் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினாராம். அது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் கண்டது அவருடைய முகத்தை மட்டும். பிள்ளையைத் தோளில் போட்டு மணலில் நடந்தபோது இருந்த அதே முகம். கீழே சனம் சிரிக்கும் என்று பயந்துபோயிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை, அசையாமல் நின்று கேட்டார்கள். அதையும் கண்டேன். கண்டும் என் மனம் இளகவில்லை. சாராயம், மேடை, அரைகுறை உடுப்போடு வெள்ளைக்காரிகள், வீட்டில் உப்பளத்துக்காரர்கள். வெட்கத்தில் எனக்கு உடம்பு எரிந்தது.

அவர் திரும்பினார். அத்தனை பேருக்குள்ளும் கறுப்பு அபாயாவோடு நின்ற ஒரே ஆள் நான்தான். நான் கையைக் காட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். அவருக்கு அது போதும்.

பாட்டு நடுவில் நின்றது. இவர் சொல்லை மறந்துவிட்டார் என்று கிழவர் நினைத்து, அதே இடத்தைத் திரும்ப வாசித்துக் காத்திருந்தார். திரும்பவும் வாசித்தார். இவர் மைக்கை அவர் கையில் கொடுத்து, குனிந்து ஏதோ சொன்னார். ‘தேங்க்யூ’வாகத்தான் இருக்கும். இறங்கி வந்துவிட்டார். அந்த நீண்ட முடிப் பெடியன்மார் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் நான்தான் பேசினேன். மாப்பிள்ளை வீட்டார், மானம், மரியாதை என்று வாய் ஓயாமல் பேசினேன். அவர் கிணற்றடியில் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, இரவல் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டபடியே எல்லாம் செய்தார்.

மாப்பிள்ளையின் உம்மா கதை தொடங்க வேண்டுமே என்று, “நானா, நீங்க வர முந்தி ஒரு வெள்ளைக்காரன் பாடினான். நல்ல குரல்,” என்றார்.

“வெள்ளைக்காரனா?”

“ஓம், இவதான் சொன்னா.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இருக்கவில்லை.

“ஓம். நானும் கேட்டன்,” என்றார்.

“ஆனா பாதியில நிப்பாட்டிட்டான். என்ன நடந்திச்சோ.”

“மறந்திருக்கும்,” என்றார் அவர். வட்டிலப்பத்தை எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

அந்த நேரத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிய புருசனை ஒரு சொல்லில் இல்லாதவனாக்கினேன். அவர் அந்தச் சொல்லையும் ஏற்றுக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

அடுத்த நாள் அந்தக் கிழவர் லொறியடியில் வந்து நின்று, இவர் கையைப் பிடித்துக்கொண்டு மேடையைக் காட்டினாராம். இவர் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு ஐஸ் இறக்கினாராம். ஹோட்டல் சமையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அவர் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. லொறிக்குள்ளாவது பாடுகிறாரா என்று வாடியில் சாடையாக விசாரித்தேன். “உங்கட மனுசன் வாறது இப்ப தெரியிறதே இல்ல,” என்றார்கள்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. சந்தர்ப்பம் வராமல் இல்லை. ஒவ்வொரு தடவையும், மகளின் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. மருமகன் தங்கமான பிள்ளை. சம்பந்திகளும் எங்களை ஒரு குறை சொன்னதில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்தான். அவனும் தாயைப்போலவே தூங்காமல் கத்துகிற ஆள்.

ஒருநாள் மத்தியானம் பிள்ளை அடங்கவேயில்லை. மகள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தகப்பன் முன்னால் நின்றாள்.

“வாப்பா, அந்தப் பாட்டைப் பாடுங்களேன். சாராயக் கடையெண்டாலும் பரவாயில்ல.”

அவர் பேரனின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். “மறந்துபோச்சு மகள்,” என்றார்.

மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அறைக்குள் மேலும் கீழும் நடந்து, தானே அந்தப் பாட்டைத் தொடங்கினாள். அவளுக்கும் என்னைப்போலக் குரல் இல்லை. ஆனாலும் பிள்ளையின் அழுகை தணிந்தது.

நான் குசினி வாசலில் நின்றேன். அவர் கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல், ஒரு சொல்கூடத் தப்பாமல், அவளோடு கூடவே போய்க்கொண்டிருந்தார்.

என்னையறியாமல் ஓரடி முன்னால் வைத்தேன். அவர் நிமிர்ந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.