அன்று அம்மன் வரவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்தேன். மூன்று முறை நோட்டை எடுத்து ஆரம்பித்து, பயந்து மூடி வைத்துவிட்டேன். எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவன் நான், படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. எழுத வராது என்பதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: அம்மனைக் குறைத்துச் சொல்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இன்றும் செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறேன். தாய் என்னை அறிவாள்.

என் மனைவி கர்நாடக சங்கீதம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது அவளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். உலு யாமில் பிறந்த பஞ்சாபிப் பெண். எங்கள் பக்கத்தில் பஞ்சாபியரை வங்காளி என்றுதான் சொல்வோம். அவள் தன் அப்பாவிடம் இந்துஸ்தானி கற்றவள். கேண்டீனில் சாப்பிட உட்கார்ந்தால் ஒருத்தி ஒரு ராகத்தை முனக, மற்றவள் தன் வழியில் பதில் சொல்வாள். கல்யாணத்துக்குப் பிறகும் அது விடவில்லை, இருபது வருடம் அப்படித்தான் ஓடியது.

கோலசிலாங்கூருக்கு வெளியே நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. தொழிலாளர் லயங்களில் ஆளில்லை. எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்களுக்கு நடுவே அம்மன் கோயில் மட்டும் நின்றது, அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாமல். திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்களும் வரட்டும் என்று கோயில் தலைவர் இருவரையும் சேர்த்துப் பாடச் சொன்னார். ஆறரைக்குப் பூஜை, அதற்கு முன் ஐந்து மணிக்குக் கச்சேரி.

முக்கியமான உருப்படிக்கு இந்தோள ராகத்தை எடுத்தார்கள். அதே ஐந்து சுரத்துக்கு இந்துஸ்தானியில் மால்கௌன்ஸ் என்று பெயர். எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்த அன்றே தோழி தயங்கினாள்.

“இது நடுராத்திரி ராகம்டி. வெளிச்சத்துல பாடுனா எங்கப்பா அடிப்பாரு. கூப்பிடாததெல்லாம் வந்து உக்காந்துக்கும்பாரு.”

“வந்தா வரட்டும்லா. எலை போட்டு சோறு போட்டு அனுப்புவோம்” என்றாள் என் மனைவி.

எல்லாரும் சிரித்தோம்.

என் மனைவி திருவிழாவுக்குக் காப்புக் கட்டி மூன்று நாள் விரதத்தில் இருந்தாள். பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியிருந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை ஆகாது, விரதம் முடியட்டும் என்று சொன்னது நான்தான். கச்சேரி அன்று காலையில் வலது கை விரல்கள் மரத்த மாதிரி இருக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். தேங்காய் துருவியதால் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்றாள்.

மாலையில் காற்றே இல்லை. செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. சுருதிப் பெட்டியின் ரீங்காரம் கோயில் வாசல்வரை கேட்டது. தோழி ஆலாபனையை மெதுவாக, ஒவ்வொரு சுரமாகத் தொட்டுத் தொட்டு ஏறினாள்.

“என்னம்மா, நீங்க இழுத்து முடிக்கிறதுக்குள்ள நாங்க ஒரு பந்தி முடிச்சிருவோம் போல” என்றார் தலைவர், இடையில் அவள் தண்ணீர் குடித்தபோது.

“நீங்க பந்தி போடுங்க தலைவரே. நான் முடிக்கிறப்ப ரசத்துக்கு வந்திருப்பீங்க.”

சிரிப்பு அடங்கியதும் என் மனைவி பாட்டை எடுத்தாள். வலது கையால் தொடையில் தாளம் போட்டபடி ஒரு வரி பாடுவாள். தோழி அதே இடத்தை வார்த்தை இல்லாமல் ஆகாரத்தில் விரிப்பாள். நாலைந்து சுற்று அழகாகப் போனது. பிறகு என் மனைவியின் பாட்டில் வார்த்தைகள் உதிர ஆரம்பித்தன. முதலில் வரியின் கடைசிச் சொல் காணாமல் போனது. பிறகு பாதி வரி. சுரம் மட்டும் பிசகவில்லை. தோழியைப் போலவே வார்த்தை இல்லாமல் பாடிக் காட்டுகிறாள் என்று நினைத்து நான்தான் முதலில் கை தட்டினேன். கூட்டமும் தட்டியது.

தாளம் போட்ட கை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாயிலிருந்து புரியாத சத்தம் வந்தது.

“ஆத்தா வந்துட்டா!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பூஜைக்கு வந்திருந்த உருமிக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். வேப்பிலையை அவள் கையில் திணித்தார்கள், அது நிற்கவில்லை. தலைவர் சூடம் ஏற்றி, “தாயே, இந்த எடம் ஒனக்கு நிலைக்குமா? ஒரு வாக்கு சொல்லு” என்று கேட்டார். அவள் குழறியதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மஞ்சள் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். புரை ஏறியது.

தோழி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அண்ணே, இது சாமி இல்ல! வாயப் பாருங்க, ஒரு பக்கமா கோணுது. எங்கப்பாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. வேன எடுங்க!”

“ஒங்களுக்கு எங்க சாமி தெரியாதும்மா, சும்மா இருங்க” என்றார் தலைவர்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இத்தனை வருடம் ஆனது. என் மனைவியை நெஞ்சோடு தாங்கிப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் பொறு தங்கச்சி, ஆத்தா பேசட்டும்” என்றேன். கை கூப்பி, “வந்திருக்கிறது யாரம்மா?” என்று அவளிடமே கேட்டேன். அவள் கண் என்னையே பார்த்தது. அது அவளுடைய கண்தான். பயந்த கண். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேனில் ஏற்றும்போது ஆறரை பூஜை மணி அடித்தது. மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மலாயில் கேட்டார். நான், இப்போதுதான் என்றேன். கச்சேரியைப் பதிவு செய்யத் தோழி தன் கைப்பேசியை எதிரே வைத்திருந்தாள்; அந்தப் பதிவை ஓட்டி, வார்த்தை போன இடத்தைக் காட்டினாள். டாக்டர் மணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஊசி போடுகிறோம், ஆனால் உடனே வந்திருந்தால் அது நன்றாகக் கேட்டிருக்கும், தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் மூளையில் கொஞ்சம் போய்விட்டது என்றார்.

என் மனைவி பிழைத்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை. ராகம் மட்டும் வருகிறது, வார்த்தை இல்லாமல். ராகத்தின் மேல் தவறில்லை என்று தோழிக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவாள், அந்த ஐந்து சுரத்தை மட்டும் தொடமாட்டாள்.

கூட்டத்தில் யாரோ எடுத்த படம் வாட்ஸ்அப்பில் பரவியது. பாடிக்கொண்டே அம்மன் அருள் பெற்ற தாய், அன்றிலிருந்து மௌன விரதம் என்று எழுதியிருந்தார்கள். எலுமிச்சம்பழத்தோடு வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவளால் மறுத்துச் சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை. வெட்கம்.

போன மாதம் சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒரு பெண் தன் புருஷனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். “காலையிலேர்ந்து கை தூக்க மாட்றாருங்க, பேச்சு கொழறுது. அம்மா கையால துன்னூறு பூசுனா போதும்.” அத்தனை தூரம், எத்தனை மருத்துவமனையைத் தாண்டி வந்திருப்பார்கள். என் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இடது கையால் நாற்காலியை ஓங்கி ஓங்கி அடித்தாள். “அம்மா அருள் வந்து ஆடுறாங்க” என்று அந்தப் பெண் கீழே விழுந்து கும்பிட்டாள். நான் கத்தி, இழுத்து, இருவரையும் காரில் ஏற்றிக் கொண்டுபோய் மருத்துவமனையில் விட்டேன். அந்த மனிதர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை.

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அதை அனுப்பியவர்களுக்கே இதையும் அனுப்புங்கள். தோழி சொன்னதையும் நீக்காதீர்கள், நான் பொறு என்று சொன்னதையும் நீக்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். அம்மன் பெயரைச் சொல்லி ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.