சவர்க்காரம் போட்டுத் தேய்த்த மார்பு

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி மார்பில் வைத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு வீலென்று அழுதாள். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்னை வேண்டாம் என்கிறாளே.

இவளுக்கு முன்னே ஒருவன் பிறந்தான். பால் குடிக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம். என் பாலே விஷம் என்றுகூட ஒருத்தி சொன்னாள், அவள் நாக்கு அழுகிப்போக. இவளும் குடிக்காவிட்டால் நான் கந்தப்பளைத் தோட்டத்துக்குத் திரும்புவதாக இல்லை.

ஆஸ்பத்திரித் தாதியைக் கூப்பிட்டேன். "மிஸ்ஸி, குடிக்க மாட்டேங்குது."

அந்தச் சிங்களப் பெண் குனிந்து என் மார்பை மோந்து பார்த்தார். யார் கழுவியது என்று கேட்டார்.

அம்மாதான். பிள்ளையைச் சூடுபடுத்த எடுத்துப்போயிருந்த நேரத்தில், வெந்நீரும் சவர்க்காரக் கட்டியும் கொண்டுவந்து தோல் சிவக்கத் தேய்த்துவிட்டாள். கொழுந்துக் கறையும் தேயிலைக்கு அடிக்கிற மருந்து நாற்றமுமாக மலையில் கிடந்த உடம்பு, ஆஸ்பத்திரியில் கேவலமாகப் பார்ப்பார்கள் என்று அவளுக்கு. ஆயுசு முழுக்கக் கூடை சுமந்தும் அந்தக் கூச்சம் மட்டும் அவளை விடவில்லை.

வாசனை பிடித்துத்தான் பிள்ளை பால் தேடும், இப்போது அதற்கு வழி தெரியவில்லை என்று பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகச் சொன்னார் மிஸ்ஸி. வெறும் தண்ணீரால் துடைத்து, ஒரு சொட்டுப் பால் பிதுக்கிக் காம்பில் தடவினார். பிள்ளையைத் துணி விலக்கிய என் வயிற்றில் குப்புறப் போட்டுக் கம்பளியால் மூடினார். யாரும் பிடித்துத் திணிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திணிக்காமல் சும்மா இருப்பதாம்! அம்மா சீனித்தண்ணீரும் கரண்டியுமாக வந்தாள். கிட்டே வராதே என்று கத்தினேன்.

பிள்ளை அசையாமல் கிடந்தாள். பிறகு தன் கையை நக்கினாள். காலால் என் வயிற்றை உதைத்து ஒரு விரற்கடை ஏறினாள், நின்றாள். நான் இருக்கிற சாமியை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி ஓர் உதை. தலையை ஆட்டி ஆட்டி, மூக்கால் என் தோலைத் தேய்த்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்த இடம் என் அக்குள். அங்கே நக்கிக்கொண்டு கிடந்தாள். அங்கே இல்லையடி பாவி என்று அழுதேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தலை மெல்லத் திரும்பியது. வாயை ஆவென்று திறந்து, தானாகவே கவ்வினாள். உயிரையே இழுக்கிற மாதிரி இருந்தது.

நாலு இழுப்பு இழுத்திருப்பாள், கண் சொருகியது. வாய் கழன்றது. நான் அவள் உள்ளங்காலைச் சுண்டினேன், விடாமல் சுண்டினேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பச்ச மண்ணுடி. தூங்குது, உடு."

"அவனையும் இப்படித்தானம்மா தூங்க உட்டோம்."

அம்மா கம்பளியை விலக்கி, பிள்ளையின் மற்றக் காலைத் தன் விரலால் சுரண்ட ஆரம்பித்தாள்.